பாதி பிளந்த மரம்: ரம்பம் எடுக்கும் முன் 15 குறிப்புகள்

அவிநாசித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு எங்கள் பக்கத்துக்கு வருவது கோடைமழை. மத்தியானம் வரைக்கும் இலை அசையாது, உடம்பெல்லாம் கசகசக்கும். நாலு மணிக்கு மேல் மேற்கே கருக்கல் கட்டும், புழுதி கிளம்பும், பத்து நிமிஷம் காற்று ஆடித் தீர்த்துவிட்டுப் போகும். மறுநாள் காலையில் சாய்ந்து கிடக்கும் வாழையைப் பார்த்து வயிறு எரியும். ஆனால் வாழை யாரையும் கொல்லாது. பயப்பட வேண்டியது விழாமல் பாதியில் நிற்கிற மரத்துக்கு.

எங்கள் தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்தில், கட்டுத்தரை ஓரமாக, அப்பாரு காலத்து வேம்பு ஒன்று இருந்தது. ஒரு கோடைக் காற்றில் கவையிலிருந்து கீழ்நோக்கி இரண்டாகக் கிழிந்து, ஒரு பாதி ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டது. மறு பாதி ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடுவாளோடு வந்து, “இதென்னுங், ஒரு மணி நேர வேலைங்க, முடிச்சுட்டுக் காப்பி குடிக்கலாமுங்” என்றார். அந்த வேலைக்கு நாலு நாள் ஆனது. அதில் முதல் இரண்டு நாள் மரத்தை யாரும் தொடவே இல்லை, தூர நின்று பார்த்ததோடு சரி. கீழே உள்ளவற்றில் பாதி அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டவை.

1. முதல் ராத்திரி மரத்தை அதன் போக்கில் விடுங்கள். காற்று நின்றுவிட்டது என்பதற்காக டார்ச் லைட்டும் அரிவாளுமாகப் போகாதீர்கள். கிழிந்த மரம் அப்போதும் கிழிந்துகொண்டுதான் இருக்கும். நனைந்த இலையின் கனம் வேறு சேர்ந்திருக்கும். செய்ய வேண்டியது மூன்றே வேலை. மரம் சாயக்கூடிய பக்கத்து அறையில் படுக்கிறவர்களை மறுபக்கம் மாற்றுங்கள். மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள். ஆட்டுப்பட்டியை அடைத்து வையுங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியலாம். கீழே பச்சைத் தழை கொட்டிக் கிடந்தால் விடிந்ததும் வெள்ளாடு அங்கேதான் போய் நிற்கும், அதை ஓட்ட ஒரு குழந்தை பின்னாலேயே ஓடும்.

2. மரத்தைப் பார்க்கும் முன் கம்பியைப் பாருங்கள். மின்கம்பியில் கிளை தொட்டுக்கொண்டிருந்தாலோ, கம்பி அறுந்து தரையில் கிடந்தாலோ முப்பது அடிக்குள் போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். கம்பம் நம்பர் தெரிந்தால் சொல்லுங்கள், ஆள் வருவது சுலபமாகும். “கரண்டுதான் போயிருச்சே” என்கிற நம்பிக்கை வேண்டாம். வீட்டில் லைட் எரியவில்லை என்பதால் கம்பி செத்துவிட்டதாக ஆகாது. மோட்டார் லைனுக்கு முறை வைத்து மும்முனை மின்சாரம் விடுகிற தோட்டப் பகுதியில் எப்போது உயிர் வரும் என்று சொல்லவே முடியாது. பக்கத்து மில்லிலோ வீட்டிலோ ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அணைத்த கம்பியிலும் எதிர்ப்பக்கமிருந்து மின்சாரம் ஏறும். ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும், அறுந்த கம்பி விழுந்த முள்கம்பி வேலியும் கடத்தும். கம்பி ஒரு மூலையில் கிடக்க, ஆள் அடிபடுவது வேலியின் இன்னொரு மூலையில் என்பது நடக்கிற கதைதான். லைன்மேன் வந்து பீஸ் பிடுங்கி, “இப்பத் தொடலாமுங்க” என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

3. மரம் யாருடையது? பட்டா நிலத்து வேம்பு, புளி, பூவரசு என்றால் சிக்கல் குறைவு. ரோட்டோர மரம் நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தம், புறம்போக்கு மரத்துக்கு வருவாய்த் துறை. பொது இடத்து மரங்களை வெட்ட மாவட்ட பசுமைக் குழுவின் ஒப்புதல் கேட்கிற நடைமுறையும் இருக்கிறது. சந்தனம் உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. பனைக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தாகச் சாய்ந்து நிற்கிறது என்றால் கிராம நிர்வாக அலுவலருக்கும் தீயணைப்புக்கும் (101) சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். வீடு சேதத்துக்கு மனு கொடுக்கவும், “நல்ல மரத்தை வெட்டிட்டாங்க” என்று பின்னால் கிளம்பும் பேச்சுக்குப் பதில் சொல்லவும் அது உதவும்.

4. தூர நின்று மரத்தைப் படியுங்கள். நாங்கள் செய்தது இதுதான்: வாசலில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, காலையிலும் பொழுதோடயும் அதே கல்லின் மேல் நின்று போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தோம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிளவு விரிகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். முதல் நாள் எங்கள் மரத்தில் வெடிப்பு அரை அடி கீழே இறங்கியிருந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அடுத்துத் தரையைப் பாருங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் விண்டிருந்தால் வேர் பிடுங்கிக்கொண்டு வருகிறது, அடிமரத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. தூரில் காளான் பூத்திருக்கிறதா, கரையான் புற்று ஏறியிருக்கிறதா, தட்டினால் பொந்து ஓசை கேட்கிறதா என்பதெல்லாம் மரக்காரர் பார்க்க வேண்டியவை. ஆனால் அவர் கேட்கும்போது அந்த மரத்தின் பழைய கதையைச் சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும். எந்த வருஷம் எந்த வாது ஒடிந்தது, எப்போது சுற்றிலும் சிமென்ட் போட்டீர்கள், எந்தப் பக்கம் கழிவுநீர்க் குழாய்க்கு வேரை வெட்டினீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

5. பிளந்த மரம் நாணேற்றிய வில். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதைப் பாதி மறந்தாலும் பரவாயில்லை. முழு மரத்தை அறுக்கும்போது அறுக்காமல் விட்ட கொஞ்ச மரம் கதவுக் கீல்போல நின்று, மரத்தை மெதுவாக ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொடுக்கும். பிளந்த மரத்தில் அந்தக் கீல் ஒழுங்காக அமையாது. பின்பக்கம் பாதி அறுக்கும்போதே சாயத் தொடங்கி, குறுக்கே ஒடியாமல் நெடுக்காகக் கிழிந்துவிடும். கிழிந்த பாதியின் அடி மேலே எகிறிப் பின்னால் பாயும், அதாவது அறுக்கிறவர் நிற்கிற பக்கம். நாற்காலியின் சாய்கிற முதுகுபோல் அது கிளம்புவதால் மேல்நாட்டு மரவெட்டிகள் இதற்குச் சவரக்கடை நாற்காலி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நடப்பது கண் இமைக்கும் நேரத்தில். ஓடித் தப்பலாம் என்று நினைப்பவர் நினைத்து முடிப்பதற்குள் அது நடந்து முடிந்திருக்கும்.

 கனத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடி குறுக்களவும் பன்னிரண்டு அடி நீளமும் உள்ள பச்சை வாது ஏறக்குறைய கால் டன். நாலு பேர் கயிறு பிடித்து நிறுத்திவிடலாம் என்பது சினிமாவில்தான்.

6. ஆளைப் பேரம் பேசிப் பிடிக்காதீர்கள். எங்கள் பக்கம் இரண்டு வழி உண்டு. கூலி பேசி வெட்டுவது ஒன்று. “கூலி வேண்டாமுங், மரத்தை நாங்களே எடுத்துக்கறமுங்” என்று மர வியாபாரி வெட்டிக்கொண்டு போவது இன்னொன்று. முழு மரத்துக்கு இரண்டாவது வழி சரி. பிளந்த மரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வண்டி சீக்கிரம் நிறைய வேண்டும் என்கிற அவசரம் அதிலேயே இருக்கிறது. வருகிறவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: “இது எங்க விழுகும்?” நின்ற இடத்திலிருந்தே கை காட்டுகிறவரை அனுப்பிவிடுங்கள். பதில் சொல்லாமல் மரத்தை மூன்று சுற்று சுற்றி வருகிறவரை உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். அவரிடம் தலைக்கவசம், நல்ல வடம், கூடவே அடக்கமான இரண்டு ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். காலையிலேயே வாய் மணக்கிறது என்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

 ஜேசிபி வைத்துத் தள்ளிவிடலாம் என்று நாலு பேராவது யோசனை சொல்வார்கள். பிளந்த மரத்தை அது தொட்டதும் மேல்பாதி வண்டிக்குள் இருக்கிறவர் மேலேயே வரலாம். அதன் பக்கெட்டில் ஆளை ஏற்றி நிறுத்தி அறுக்கச் சொல்வது இன்னும் மோசம். அது மண் அள்ளுவதற்குச் செய்த பக்கெட். ஆள் ஏறுவதற்கென்று தெருவிளக்கு மாற்றும் கூடை வண்டி இருக்கிறது, கனம் தாங்குவதற்குக் கிரேன் இருக்கிறது. திருப்பூர், கோவை பக்கம் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். வீட்டின் மேல் சாய்ந்த மரத்துக்குக் கிரேன் வாடகை கூரை மாற்றுவதைவிட மலிவு.

7. அறுக்கும் முன் கட்டு. கால் முறிந்தவருக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது மாதிரி, பிளந்த அடிமரத்தையும் முதலில் இறுக்கிக் கட்ட வேண்டும். லாரியில் லோடு கட்டுகிற ராட்செட் பெல்ட், இல்லையென்றால் இரும்புச் சங்கிலி. சேலம் – கொச்சி நெடுஞ்சாலை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு லாரி பெல்ட் கிடைப்பதா கஷ்டம்! அறுக்கப்போகிற இடத்துக்குச் சற்று மேலே ஒன்று, பிளவின் நடுவில் ஒன்று, கவைக்குக் கீழே ஒன்று என்று மூன்று இடத்திலாவது. தேங்காய்நார்க் கயிறு இதற்கு ஆகாது, நனைந்து காய்ந்தால் நெகிழும். நைலான் கயிறும் ஆகாது, ரப்பர்போல நீளும். கட்டுகிற ஆள் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாக மட்டும் நின்று கட்ட வேண்டும். மரத்தை நெருங்கவே முடியாத அளவுக்கு முனகுகிறது என்றால், முதலில் கிரேன் அதன் கனத்தைத் தாங்கிக்கொள்ளட்டும், பிறகு கட்டலாம்.

8. மேல்கனத்தை முதலில் இறக்குங்கள், ஆனால் மரத்தில் ஏறாமல். பிளந்த மரத்தில் ஆள் ஏறக் கூடாது, ஏணி சாத்தக் கூடாது, அந்த மரத்திலேயே கப்பி மாட்டவும் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. கூடை வண்டியிலிருந்து, நுனியில் தொடங்கி உள்ளே வர வேண்டும். கப்பி மாட்ட வேண்டுமானால் பக்கத்தில் நிற்கிற நல்ல மரத்தில். தடித்த வாதை ஒரே அறுப்பில் மேலிருந்து அறுத்தால் பட்டையை உரித்துக்கொண்டு அடிமரத்தையும் கிழித்துக்கொண்டுதான் விழும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதற்கும் ஒரு சாண் வெளியே மேலிருந்து அறுத்தால் சுத்தமாக ஒடியும். இரண்டு பாதியையும் சமமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மொட்டையடித்தால் மறுபக்கத்துக் கனம் பிளவை இழுத்து விரிக்கும். நன்றாக நிற்பதாக நாங்கள் நினைத்த பாதிதான் எங்கள் மரத்தில் அப்படித் திரும்பியது. பெல்ட் இருந்ததால் ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு நின்றது.

9. உயரம் தெரிய ஒரு குச்சி போதும். உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கைப்பிடி வரை எவ்வளவோ அந்த அளவுக்கு ஒரு குச்சி எடுங்கள். கையை நேராக நீட்டிக் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, குச்சியின் அடியும் நுனியும் மரத்தின் அடியையும் நுனியையும் சரியாக மறைக்கும் வரை பின்னால் நடங்கள். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து தூர் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம், மரம் நேராக நிற்கும் வரைக்கும். அந்தத் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு வட்டத்துக்குள் வேலை செய்கிறவர் தவிர யாரும் இருக்கக் கூடாது. சுண்ணாம்போ கோலப்பொடியோ போட்டுக் கோடு கிழித்துவிடுங்கள். வாயால் சொன்னால் கேட்காதவர்கள் கோட்டைத் தாண்ட ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். தோட்டத்து வழித்தடம் அந்தப் பக்கம் போனால் இரண்டு முனையிலும் ஆள் நிற்கட்டும். பால்காரருக்கும் ஸ்கூல் வேனுக்கும் முதல் நாளே தகவல் சொல்லுங்கள்.

10. எங்கே அறுக்கலாம், எங்கே கூடாது. பிளவு இடுப்பு உயரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது, அதற்குக் கீழே அடிமரம் முழுசாக இருக்கிறது என்றால் மட்டும் அங்கே அறுத்துச் சாய்க்கலாம். அப்போதும் அனுபவஸ்தர் கையால்தான். பிளவு தூர் வரைக்கும் இறங்கியிருந்தால் சாய்க்கிற பேச்சே வேண்டாம். கிரேனில் தொங்கவிட்டுத் துண்டு துண்டாக இறக்குவது ஒன்றே வழி.

 சாய்க்கிற முறை தெரிந்திருந்தால் வேலைக்காரர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று தூர நின்றே கண்டுகொள்ளலாம். விழ வேண்டிய பக்கம் முதலில் திறந்த வாய்போல ஒரு வெட்டு, குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழம். இரண்டடி மரத்துக்கு அரை அடி. பின்பக்க அறுப்பு அந்த வாயின் அடிமட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே. அறுப்பு வாயைத் தொடவே கூடாது. நடுவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டடி மரத்தில் இரண்டரை அங்குலம், கீலாக நிற்க வேண்டும். அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று அந்த அவிநாசியப்பனுக்குத்தான் தெரியும்.

 அறுப்புக்குள் செருகும் ஆப்பு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் தெறிக்கும். முழு மரத்தில் ஓங்கி அடிக்கிற ஆப்பை இங்கே அப்படி அடிக்கக் கூடாது, பிளவுதான் அகலும். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கு நேர் முன்னால் அவர்கள் நிற்பதே இல்லை. பக்கவாட்டில் நின்று, கட்டையைத் தள்ளிவிட்டு, கையையும் உடம்பையும் உடனே வாங்கிக்கொள்வார்கள். ஆப்பு வைக்கிறவருக்கும் அதே பாடம்தான். மரம் அசையத் தொடங்கியதும் நேர் பின்னால் ஓடாமல், பின்பக்கம் கோணலாக இருபதடி நடந்து விலக வேண்டும். அந்த வழியில் கிடக்கிற கல், மிலாறு, வேட்டி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள்.

11. பவர் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து நீங்களே பழகாதீர்கள். அதன் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அலகின் மூக்கில், மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும், ஒற்றைக் கையால் அறுப்பதும் அதனால்தான் தப்பு. கணுக்கால் தடிமன் கிளையை அறுக்கக் கைரம்பமே போதும். லுங்கி, தோள்துண்டு, ரப்பர் செருப்பு மூன்றும் ரம்பத்துக்குப் பிடித்தமானவை. இறுக்கமான பேண்ட்டும் ஷூவும் போட்டு வரச் சொல்லுங்கள். கண்ணாடி, காதடைப்பு, தலைக்கவசம் இல்லாத ஆளுக்கு உங்கள் வண்டியின் ஹெல்மெட்டையாவது கொடுங்கள். பெட்ரோல் ஊற்றுவது இன்ஜின் ஆறிய பிறகு, பீடி அணைத்த பிறகு.

12. வடம் பிடிக்கிறவர்களுக்கு. கவலை ஏற்றத்து வடத்தைப் பத்திரமாக அட்டத்தில் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு ஆசையாக வருவார்கள். அது மக்கியிருக்கும், நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். வடம் மரத்தின் உயரத்தைவிடக் கணிசமாக நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கிறவர் தலையில்தான் மரம் விழும். கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். விறைத்து நிற்கிற கயிற்றுக்கு நேர் கோட்டில் நிற்காதீர்கள், அறுந்தால் சாட்டையாக வரும். டிராக்டரில் கட்டிச் சுண்டி இழுப்பதும் பிளந்த மரத்தில் வேண்டாம்.

13. விழுந்த மரமும் உயிரோடுதான் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் பாய் விரித்ததுபோல் கிடந்தன. அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடு, அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அறிவித்தது. மரத்தின் விலைக்கும் அதை எடுக்கிற கூலிக்கும் அவ்வளவு கொஞ்சம்தான் வித்தியாசம். விழுந்ததை எடுப்பது லேசான வேலை இல்லை என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

 வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், கனம் போன வேர்க்கட்டு மண்ணோடு சேர்ந்து ‘தொப்’பென்று பழைய குழிக்கே நிமிர்ந்து உட்காரும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள். அறுப்பதற்கு முன் எட்டிப் பார்த்துவிட்டு, வேர்ப்பக்கம் ஒரு ஆளைக் காவல் நிறுத்துங்கள். வளைந்து அழுந்திக் கிடக்கிற கிளையில் அமுங்கியிருக்கிற உள்வளைவுப் பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்து, பிறகு விறைத்திருக்கிற வெளிவளைவுப் பக்கம் மெதுவாக அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். மேலே ஒடிந்து இன்னொரு மரத்தில் சிக்கித் தொங்குகிற வாதின் அடியில் நின்று எந்த வேலையும் செய்யாதீர்கள், டீ கூடக் குடிக்காதீர்கள்.

14. பொந்தில் குடியிருப்பவர்கள். தேனடை, குளவிக்கூடு, பாம்பு. ரம்பச் சத்தம் கேட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். கூடை வண்டியில் நிற்கிறவருக்கு ஓட இடமில்லை. தேனடை இருந்தால் எடுக்கத் தெரிந்தவரை வைத்து முதல் நாளே எடுத்துவிடுங்கள். கிளிக்குஞ்சோ ஆந்தைக்குஞ்சோ இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

15. மிச்ச மரத்தைக் காப்பாற்ற முடியுமா? எல்லோரும் கேட்பது இதைத்தான். அப்பாரு நட்டது, ஆத்தா ஊஞ்சல் கட்டியது என்றால் மனசு கேட்கத்தானே செய்யும். பிளவு கவையோடு நின்றிருந்தால், ஒரு பாதியைக் குறைத்து, கம்பி வடமும் போல்ட்டும் போட்டுக் காப்பாற்றிய மரங்கள் உண்டு. அடிமரத்தில் பாதிக்கு மேல் கிழிந்திருந்தால், கீழே வீடும் இருந்தால், விட்டுவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது, போய்க் கேட்கலாம். வெட்டிய இடத்தில் சாணியும் செம்மண்ணும் பூசுவது நம் பழக்கம். பூசுகிறவர் மனசு ஆறும், மரத்துக்குப் பெரிய பலன் இல்லை. காயத்தை மரம் ஆற்றுவதில்லை. அதைச் சுற்றிப் புதுப் பட்டை வளர்த்து மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

 எங்கள் வேம்பு ஏன் பிளந்தது என்று அறுத்த பிறகுதான் தெரிந்தது. ஒரே தடிமனில் இரண்டு தண்டு நெருக்கிக்கொண்டு வளர்ந்து, நடுவே பட்டை சிக்கிக்கொண்டிருந்தது. நாற்பது ஐம்பது வருஷமாக இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றனவே தவிர ஒன்றாகவில்லை. கவை ‘யு’ போல அகலமாக இருந்தால் பலம், ‘வி’ போல ஒடுக்கமாக இருந்தால் என்றைக்காவது கிழியும். கவையோடு மரத்தின் வகையையும் பாருங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது சாய்ந்த மரங்களில் மே பிளவரும் தூங்குமூஞ்சியும் நிறைய. சீக்கிரம் வளர்ந்து நிழல் தருகிறதே என்று வாசலில் வைக்கிற மரங்கள் அவைதான்.

 தூரைத் தோண்டி எடுக்காமல் விட்டோம், அடுத்த ஆடிக்குள் ஏழெட்டுத் துளிர் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினேன். அதுவும் இப்போது தலைக்கு மேலே இரண்டாகப் பிரியப் பார்க்கிறது. விரல் தடிமனில் இருக்கும்போதே ஒன்றை வெட்டிவிட்டால் ரம்பமும் வேண்டாம், கிரேனும் வேண்டாம், பூச்செடி வெட்டுகிற கத்தரிக்கோல் போதும். நாளைக்கு ஸ்டூல் போட்டு ஏறி வெட்ட வேண்டும். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஆள் சொல்லியிருக்கிறேன்.